அனுப்பாத கடிதங்கள் திரும்பி வந்த காலம்

மெயிலர் டீமனுக்குப் பதில் எழுதியவர்களை எனக்குத் தெரியும். "டியர் சார், தங்கள் கடிதம் கிடைத்தது. அந்த முகவரி சரியானதுதான், தயவுசெய்து மறுபடி முயன்று பார்க்கவும்" என்று வெகு மரியாதையாக எழுதுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, எங்கள் வாடிக்கையாளர்களில் சிலர் அதை அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை என்பதை ஆள் வைத்து எழுதித் தெரிவிக்கிறார்களே, எவ்வளவு பொறுப்பான ஊர் என்று ஒருவர் என்னிடமே வியந்திருக்கிறார்.

ஆள் கிடையாது, மெயில் சர்வரின் நிரல் தானாக எழுதும் கடிதம் அது. பொறுப்பு மட்டும் நிஜமாகவே இருந்தது. சர்வர்கள் கடிதங்களைக் கைமாற்றும் எஸ்எம்டிபி விதிகளை ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டது 1982 ஆகஸ்டில். கடிதம் கொண்டுவரும் சர்வர் முதலில் யாரிடமிருந்து என்று சொல்லும், பிறகு யாருக்கு என்று சொல்லும், பிறகு கடிதத்தை வரிவரியாகக் கொடுக்கும். கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி வைத்து முடித்ததும் வாங்கும் சர்வர் 250 என்ற எண்ணைச் சொல்லும். சொல்லிவிட்டால் அந்தக் கடிதம் அதன் தலையில் விழுந்தது. உரியவரிடம் சேர்க்க வேண்டும். முடியாமல் போனால் அனுப்பியவருக்குத் தகவல் தர வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதற்கு அந்த விதிகளில் இடமில்லை.

தகவல் சொல்லப் போன கடிதமே போய்ச் சேராவிட்டால்? அதற்கும் போஸ்டல் வழி வைத்திருந்தார். சேரவில்லை என்று திரும்பும் இந்த 'பவுன்ஸ்' கடிதத்தில் அனுப்புநர் முகவரி வரவேண்டிய இடம் காலியாக விடப்படும். காலி முகவரியோடு வந்த கடிதத்துக்கு யாரும் பவுன்ஸ் அனுப்பக் கூடாது. இரண்டு சர்வர்கள் விடிய விடிய ஒன்றுக்கொன்று "சேரவில்லை, சேரவில்லை" என்று எழுதிக்கொண்டே இருப்பதை இந்த ஒரு வெற்றிடம் தடுத்தது. இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு பெரிய தொல்லையை அடைத்த ஏற்பாடு என் தொழிலில் அதிகம் இல்லை. பின்னாளில் இதே வெற்றிடம்தான் எங்களைப் படாத பாடு படுத்தியது.

நாம் திரையில் பார்க்கும் 'ஃப்ரம்' வரி வேறு, சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தபால் உறைமேல் எழுதும் முகவரிக்கும் உள்ளே தாளின் தலைப்பில் எழுதும் முகவரிக்கும் உள்ள வித்தியாசம்தான். பவுன்ஸ் போவது உறைமேல் உள்ள முகவரிக்கு. அங்கே பெயர் இருப்பவர் உண்மையில் அனுப்பினாரா என்று கேட்க 1982இல் எந்த ஏற்பாடும் இல்லை. அர்பாநெட்டில் அப்போது இருந்தவை இருநூற்றுச் சொச்சம் கணினிகள். அதற்காகப் போஸ்டலை அப்பாவி என்று சொல்லிவிட முடியாது. 1975 நவம்பரிலேயே அவர் ஆர்எஃப்சி 706 என்று ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். வேண்டாத கடிதங்களாக அனுப்பித் தள்ளும் கணினியிடமிருந்து மட்டும் வாங்க மறுப்பதற்கு வழி இல்லையே என்பதுதான் அதன் கவலை.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் பொய் அனுப்புநர் என்பது விளையாட்டுதான். டெல்நெட்டில் 25ஆம் எண் கதவைத் தட்டி, யார் பெயரை வேண்டுமானாலும் அனுப்புநராகத் தட்டச்சு செய்யலாம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அத்தனை பேரும் தங்கள் மேலாளர் பெயரில் தங்களுக்கே சம்பள உயர்வுக் கடிதம் அனுப்பிப் பார்ப்பார்கள். எஸ்எம்டிபி எவ்வளவு வெகுளி என்பதைப் புரியவைக்க இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது என்பதால் நானும் தடுத்ததில்லை.

பவுன்ஸுக்கு அன்று இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இந்தியாவில் எர்நெட் வந்த எண்பதுகளில் மும்பை என்சிஎஸ்டியும் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் கடிதங்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசியில் கூப்பிட்டு, யூயூசிபி வழியாகக் கட்டுக்கட்டாகக் கைமாற்றின. பொதுமக்களுக்கு இன்டர்நெட்டை விஎஸ்என்எல் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பிறகும் பல வருடம் இணைப்பு வரும், போகும். எதிர்முனை சர்வர் கிடைக்காவிட்டால் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் 4 மணி நேரம் கழித்து "இன்னும் சேரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்" என்று ஓர் எச்சரிக்கை அனுப்பும். 5 நாள் முயன்றுவிட்டுக் கைவிரிக்கும். அந்தக் கைவிரிப்பு வந்த பிறகுதான் எங்கள் வாடிக்கையாளர் டிஎச்எல்லுக்கோ ஃபேக்ஸ் கடைக்கோ ஓடுவார். வராதவரை கடிதம் சேர்ந்துவிட்டது என்று நம்பலாம். தொழில் நடத்துகிறவருக்கு இந்த நம்பிக்கை பெரிய விஷயம்.

இது கெட ஆரம்பித்த வருடம் 1997. ஜோஸ்.காம் என்ற தளம் இலவசமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்துவந்தது. விளம்பரக் குப்பை அனுப்பிய ஒருவரின் பக்கத்தை அதன் உரிமையாளர் நீக்கிவிட, அந்த ஆள் பழி தீர்க்க ஜோஸ்.காம் பெயரிலேயே குப்பைக் கடிதங்களை ஊரெங்கும் அனுப்பினார். சேராத கடிதங்கள் பவுன்ஸாகத் திரும்பின. சேர்ந்த கடிதங்களுக்கு வசவு வந்தது. தளம் முடங்கியது. அன்றிலிருந்து இந்த வகைப் பழிவாங்கலுக்கு 'ஜோ ஜாப்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அதே வருடம் டெக்சஸில் ஃப்ளவர்ஸ்.காம் உரிமையாளருக்கும் இதுவே நடந்தது. அங்கே பகை எதுவும் கிடையாது. குப்பை அனுப்பியவருக்குத் திரும்பி வருவதைக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது, ஃப்ளவர்ஸ்.காம் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். உரிமையாளர் வழக்குப் போட்டார். இன்னொருவரின் டொமைனை அனுமதியில்லாமல் திரும்பும் முகவரியாகப் போடுவது அத்துமீறலும் தொல்லையும் ஆகும் என்று 1997 நவம்பரில் டிராவிஸ் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அதைப் படித்துத் திருந்திய ஸ்பேமர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்து நடந்ததில் எங்கள் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. அதுவரை ஸ்பேமர்கள் வாயில் வந்த, இல்லாத டொமைன்களை அனுப்புநராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 இரண்டு கதவுகளைச் சாத்தியது: யார் கடிதத்தையும் யாருக்கும் கடத்திவிடும் பழக்கத்தை நிறுத்தியது, அனுப்புநர் டொமைன் இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மறுத்தது. இரண்டும் சரியான முடிவுகள், உலகமே கைதட்டியது. ஆனால் பொய்யான டொமைன் செல்லாது என்றால் திருடன் என்ன செய்வான்? நிஜமான டொமைனை எடுத்துப் போட்டுக்கொள்வான். இல்லாத ஊருக்குப் போய்த் தொலைந்துகொண்டிருந்த பவுன்ஸ்கள் எல்லாம் அதற்குப் பிறகு நிஜ மனிதர்களின் பெட்டியில் வந்து விழுந்தன.

2002இல் க்ளெஸ் என்ற வைரஸ் இதை இன்னும் நாசூக்காகச் செய்தது. பாதிக்கப்பட்ட கணினியில் கிடைக்கும் முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டது. உங்கள் கணினி சுத்தமாக இருக்கும், உங்கள் முகவரியை வைத்திருந்த யாரோ ஒருவருடைய கணினிக்கு நோய், திட்டு உங்களுக்கு. 2003 ஆகஸ்டில் சோபிக்-எஃப் வந்தது, 2004 ஜனவரியில் மைடூம். இந்த இரண்டு பெயர்களையும் கேட்டால் அந்தக் கால சிஸ்டம் அட்மின்களுக்கு இன்னமும் வயிற்றைக் கலக்கும்.

அந்தச் சமயத்தில் எனக்கு வந்த கோபமெல்லாம் வைரஸ் எழுதியவன்மேல் இருந்ததைவிட ஆன்டி-வைரஸ் விற்றவர்கள்மேல்தான். அவர்களுடைய மென்பொருள் சோபிக்கை அடையாளம் காணும். அது அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடும் வைரஸ் என்பதும் அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பொய் முகவரிக்கு "உங்கள் கடிதத்தில் வைரஸ் இருந்தது, எங்கள் தயாரிப்பு அதைப் பிடித்துவிட்டது" என்று எழுதும். கீழே தயாரிப்பின் பெயர். இது எச்சரிக்கை என்ற பெயரில் நடந்த விளம்பரம். சில சர்வர்கள் மூலக் கடிதத்தை வைரஸோடு அப்படியே இணைத்துத் திருப்பி அனுப்பின. சோபிக்-எஃப் சுமார் 70 கேபி. கடிதத்தில் ஏற்றும்போது அது 100 கேபியை நெருங்கும். 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைனில் அப்படி ஒரு பவுன்ஸ் இறங்கப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க அலுவலகத்தின் மொத்த இணைப்பும் அதற்கே போகும். அந்த லைனுக்கு மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர் வாடிக்கையாளர்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி எங்களிடம் டொமைன் வைத்திருந்தது. வெளிநாட்டு பையர்கள் பெயரைத் தப்பும் தவறுமாக அடிப்பார்கள் என்பதால், அந்த டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழட்டும் என்று கேட்ச்-ஆல் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். அப்போது எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். ஒருநாள் அவர்களுடைய மெர்ச்சண்டைசர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், காலைல இருந்து மெயில் இறங்கவே மாட்டேங்குதுங்க. நான் அனுப்பாத மெயிலெல்லாம் திரும்பித் திரும்பி வருதுங்க. எங்க பேர்ல யாரோ மாத்திரை விக்கிறாங்க மேடம்."

போய்ப் பார்த்தால் அவர்கள் டொமைனுக்கு முன்னால் எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று கோத்துப் புதுப்புதுப் பெயர்கள் உண்டாக்கி, அவற்றை அனுப்புநராகப் போட்டு ஒரு ஸ்பேமர் ஆண்மை மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார். கேட்ச்-ஆல் இருந்ததால் அத்தனை பெயருக்கும் வந்த பவுன்ஸ் இந்த ஒரே பெட்டியில். ஜெர்மனில், போர்த்துக்கீசில், ஜப்பானியத்தில் எல்லாம் "சேரவில்லை". நடுவே விடுப்பில் இருப்பவர்களின் தானியங்கிப் பதில்கள். நடுவே "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க இங்கே சொடுக்கவும்" என்று கேட்கும் கடிதங்கள். அப்படிச் சவால் விடுவதை ஸ்பேமுக்கு மருந்து என்று எர்த்லிங்க் போன்ற பெரிய கம்பெனிகளே அந்த வருடங்களில் கொடுத்துவந்தன. இவையெல்லாம் இறங்கி முடிந்தால்தான் பையரின் ஆர்டர் ஷீட் கண்ணில் படும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வரிசைப்படிதான் இறக்கும். டயல்-அப் பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஷிப்மென்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அவருக்கு இன்னொரு தலைவலி.

"முதலாளி என்னையத்தான் சந்தேகப்படறாருங்க. நீ ஏதோ சைட்டுக்குப் போயிருக்கேங்கறாரு."

முதலாளியிடம் நானே பேசினேன். உங்கள் லெட்டர்ஹெட்டை யாரோ அச்சடித்துக்கொண்டார்கள், உங்கள் ஆபீசுக்குள் யாரும் வரவில்லை என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரிங்க, அச்சடிச்சவனப் புடிக்க முடியாது. திருப்பி அனுப்பறவனுகளுக்கு அறிவு வேண்டாங்களா?" என்றார். பொய் முகவரிக்குத் திரும்பும் இந்த பவுன்ஸ் குப்பையை, அதாவது பேக்ஸ்கேட்டரைப் பற்றி நிபுணர்கள் எழுதிய பல பக்கங்கள் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

திருப்பி அனுப்பியவர்கள் யார் என்று பவுன்ஸ்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி இரண்டு வகை. ஒன்று க்யூமெயில். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய அந்த சர்வர் பாதுகாப்புக்குப் பேர்போனது; ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் பரிசு என்று 1997இல் அறிவித்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி நிரல், ஒன்றின் சாவி இன்னொன்றிடம் கிடையாது. வாசலில் நின்று கடிதம் வாங்கும் நிரலுக்கு, உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் டொமைன் பெயர் சரியாக இருந்தால் எல்லாவற்றையும் 250 சொல்லி வாங்கிக்கொள்ளும். அப்படி ஒருவர் இல்லை என்பது உள்ளே போன பிறகுதான் தெரியவரும். வாங்கியாயிற்று, இனி பவுன்ஸ்தான். அதன் வாசகமும் ஒரு மனிதர் வருந்தி எழுதியது மாதிரி இருக்கும். பலமுறை பார்த்தால் அந்தப் பணிவே எரிச்சல் மூட்டும். 1998 ஜூனில் 1.03 வெளியானதோடு பெர்ன்ஸ்டைன் அடுத்த பதிப்பு போடவில்லை. வாசலிலேயே பெயர் சரிபார்க்கும் ஒட்டு நிரல்களை மற்றவர்கள் எழுதினார்கள். அவற்றைத் தேடிப் போடும் பொறுமை எல்லா அட்மின்களுக்கும் இருக்கவில்லை. க்யூமெயிலை நான் விரும்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் கட்டமைப்பு அழகானது. பொய் சொல்லாத உலகத்துக்காகக் கட்டிய அழகு.

இரண்டாவது வகை, பேக்கப் எம்எக்ஸ். இதை நம் ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். முதன்மை சர்வரின் லைன் படுத்துவிட்டால் கடிதத்தை வாங்கி வைத்துப் பிறகு கொடுக்க, ஐஎஸ்பியிடம் இன்னொரு சர்வர். இங்கே லைன் அடிக்கடி படுக்கும் என்பதால் அது ஆடம்பரமாக இல்லாமல் அவசியமாகவே இருந்தது. ஆனால் பேக்கப்பிடம் பெயர்ப்பட்டியல் இருக்காது. எல்லாவற்றையும் வாங்கும், லைன் வந்ததும் முதன்மையிடம் நீட்டும், முதன்மை மறுக்கும், பேக்கப் பவுன்ஸ் எழுதும். ஸ்பேமர்கள் இதை மோப்பம் பிடித்து, முதன்மை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நேராகப் பேக்கப்பின் கதவைத் தட்டினார்கள். இன்னும் சிலர் தலைகீழாகவே யோசித்தார்கள். இரையின் முகவரியை அனுப்புநராகப் போட்டு, நல்ல பெயருள்ள ஒரு சர்வரில் இல்லாத ஆளுக்குக் குப்பையை அனுப்பினால், அந்த நல்ல சர்வரே தன் கையால் குப்பையைப் பவுன்ஸில் இணைத்து இரையிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். காலி அனுப்புநர் என்பதால் பல வடிகட்டிகள் அதைத் தொடாது.

மருந்து என்னவோ 1982 முதலே விதியில் இருந்தது. புள்ளி வைத்து முடிப்பதற்கு முன்னால், "யாருக்கு" என்று சொல்லும் அந்தக் கட்டத்திலேயே 550 சொல்லி மறுத்துவிட்டால் போதும். மறுத்தவருக்குப் பொறுப்பு வராது. பவுன்ஸ் எழுதும் வேலை அனுப்ப வந்தவருடையது. அனுப்ப வந்தது வைரஸ் நிரல் என்றால் அது எங்கே பவுன்ஸ் எழுதப்போகிறது? விஷயம் அங்கேயே முடியும். வீட்சே வெனேமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் 2.0 பதிப்பிலிருந்து இப்படி மறுப்பதை இயல்பான நடத்தையாகவே வைத்தது. எங்கள் சர்வர்களை போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாற்றி, வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக் கேட்ச்-ஆலை எடுத்தோம். திருப்பூர்க்காரருக்கு ஆறு பெயர்கள் போதுமாக இருந்தன. பேக்கப் எம்எக்ஸையும் கழற்றினோம். லைன் படுத்தால் அனுப்பும் சர்வரே 5 நாள் முயலும், அது போதும் என்று.

இது மற்றவர்களுக்கு நாம் தொல்லை தராமல் இருப்பதற்கு. நமக்கு வருவதை என்ன செய்வது? காலி அனுப்புநர் கடிதங்களை முற்றாக மறுத்துவிடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். அது நிஜமான பவுன்ஸையும் கொன்றுவிடும் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் சிலர், கடிதம் வந்தால் அனுப்புநரின் சர்வருக்கே திரும்பிப்போய் "இவர் உங்களிடம் இருக்கிறாரா" என்று கேட்டுவிட்டு வாங்கினார்கள். பொய் முகவரிக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே பவுன்ஸில் மூழ்கிக்கொண்டிருக்க, அவர் வாசலில் இந்த விசாரணைக் கூட்டமும் வந்து நின்றது. நாங்கள் முதலில் செய்தது எளிய வழி: பவுன்ஸுக்குள் இணைந்து வரும் மூலக் கடிதத்தின் தலைப்பு வரிகளில் எங்கள் சர்வரின் கைரேகை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் தனி ஃபோல்டருக்கு. க்யூமெயில் பவுன்ஸ்கள் மற்றவர்களின் வடிவத்தில் இருக்காது என்பதால் அவற்றுக்கு மட்டும் தனி விதி எழுத வேண்டியிருந்தது.

ஜான் லெவினும் டேவ் க்ராக்கரும் இன்னும் சிலரும் முன்வைத்த பிஏடிவி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. கடிதம் வெளியே போகும்போது உறைமேல் உள்ள அனுப்புநர் முகவரிக்கு முன்னால் ஒரு குறியீட்டைச் சேர்த்துவிடும்: தேதியும், நம்மிடம் மட்டும் உள்ள ரகசியத்தால் கணக்கிட்ட சில எழுத்துகளும். நிஜமான பவுன்ஸ் அந்தக் குறியீட்டு முகவரிக்குத்தான் வரும். குறியீடு இல்லாத, அல்லது ஒரு வாரத்துக்கு மேல் பழசான பவுன்ஸை வாசலிலேயே மறுத்துவிடலாம். உலகத்தில் வேறு யாரும் ஒத்துழைக்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் அனுப்புநர் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு உறுப்பினரை அடையாளம் காணும் குழுக்களில் அது சண்டை இழுத்தது. அது வரைவாகவே நின்றுவிட்டது, ஆர்எஃப்சி ஆகவில்லை.

வென்றது வேறு வழி. என் டொமைன் பெயரில் எந்தெந்தக் கணினிகள் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் எஸ்பிஎஃப் 2006இல் ஆர்எஃப்சி ஆனது. கடிதத்தில் கையெழுத்துப் போடும் டிகேஐஎம் 2007இல். இரண்டையும் திரையில் தெரியும் 'ஃப்ரம்' வரியோடு முடிச்சுப் போடும் டிமார்க் 2015இல். அது ஆர்எஃப்சி ஆவதற்கு முன்பே, 2014 ஏப்ரலில் யாகூ தன் டொமைனுக்கு டிமார்க்கைக் கடுமையாக்கியபோது உலகெங்கும் மின்னஞ்சல் குழுக்கள் ஆட்டம் கண்டன. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்துவிட்டது. பேக்ஸ்கேட்டர் இன்று பழைய வெள்ளத்தில் ஒரு வாளி.

அதற்கு நாம் கொடுத்த விலையையும் நான் மறக்கவில்லை. இப்போது சர்வர்கள் 250 சொல்லி வாங்கிக்கொண்டு, சந்தேகம் வந்தால் ஸ்பேம் ஃபோல்டரில் போட்டுவிடுகின்றன, அல்லது சத்தமில்லாமல் அழித்துவிடுகின்றன. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321கூட, மோசடி என்பதில் மிக உறுதி இருந்தால் பவுன்ஸ் எழுதாமல் விடுவதை ஏற்றுக்கொள்கிறது. அந்த மிக உறுதியை யார் அளந்து பார்க்கிறார்கள்? கடிதம் போனதா இல்லையா என்று தெரியாமல், "மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களா" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. போஸ்டல் எழுதிய ஒப்பந்தத்தை ஸ்பேமர்கள் உடைத்தார்கள் என்று சொல்வோம். பாதியை நாங்களே கழற்றி வைத்தோம்.

இப்போது என்னிடம் மிச்சமிருப்பவை பெரும்பாலும் தூங்கும் டொமைன்கள். கம்பெனி மூடியிருக்கும், பெயரை விட மனமில்லாமல் வருடாவருடம் புதுப்பிப்பார்கள். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பெயர்கள்தான் பொய் அனுப்புநர்களுக்குப் பிடித்தவை. அவற்றுக்கு டிஎன்எஸ்ஸில் மூன்று வரி எழுதிவிடுகிறேன். இந்தப் பெயரில் யாரும் அனுப்புவதில்லை என்று எஸ்பிஎஃப்பில் ஒன்று. அப்படி வந்தால் மறுத்துவிடுங்கள் என்று டிமார்க்கில் ஒன்று. இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை வாங்கவும் ஆள் இல்லை என்று 2015இல் வந்த நல் எம்எக்ஸ் முறையில் ஒன்று. இந்த மூன்றையும் பார்க்காமல் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பவுன்ஸ் எழுதும் சர்வர் இன்னும் எங்காவது இருந்தால், அந்த பவுன்ஸைக் கொடுக்க அதற்கு இடம் கிடைக்காது. பவுன்ஸுக்கு பவுன்ஸ் அனுப்பவும் முடியாது, போஸ்டலின் வெற்றிடம் தடுக்கும். கடைசியில் அது அந்த சர்வரின் போஸ்ட்மாஸ்டர் பெட்டியிலேயே போய் விழும். அவர் அதைத் திறந்து படிக்கட்டும்.